மடங்காத கத்தி

என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, பயப்படுவதுதான் முதல் தொழில். பட்டு நெசவெல்லாம் அதற்கு அப்புறம். ஆரணியில் வேலூர் பஸ் ஏறினால் ‘அவசர வழி’ என்று சிவப்பில் எழுதியிருக்கும் ஜன்னலோரம்தான் உட்காருவார். அந்த இடத்தில் ஆள் இருந்தால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஓட்டலில் சமையற்கட்டுக்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டார், சிலிண்டர் வெடித்தால் முதலில் தெரிய வேண்டுமாம். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளை, பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பின்வாசல் பூட்டியிருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஏன் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

“ஏதாச்சும் ஆனா, மாப்ள?”

எதைக் கண்டு இப்படிப் பயந்தார் என்று யாருக்கும் தெரியாது. சேவூரில் அவர்கள் வீட்டில் கேட்டால் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று கையை விரிப்பார்கள். நான் அவரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறவன் நான். நாள் பூராவும் கரண்டோடு விளையாடுகிறவனுக்கு, ஸ்விட்சைக்கூடப் பேனாவால் தட்டுகிற மனிதரைப் பார்த்தால் வாய் சும்மா இருக்குமா?

இப்போது அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. என் மகள் இன்றைக்கு உயிரோடு நடமாடுவது அவரால். அவர் ஆறு வருஷமாக எங்கள் வீட்டு வாசலை மிதிக்காமல் இருப்பது என்னால். முதல் விஷயத்தை என் மனைவி நம்பியதே இல்லை. இரண்டாவது இத்தனை நாள் அவளுக்குத் தெரியவே தெரியாது.

கத்தியில் இருந்து தொடங்குகிறேன். அவரைத் தெரிந்த யாரும் அதைவிட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசமுடியாது.

காட்டுக்குப் போகிறவன் கத்தி வாங்கலாம். மச்சான் புளியந்தோப்புக்குள்கூடத் தனியாகப் போகாதவர். அப்படிப்பட்டவர் ஒரு வருஷம் முழுக்க, காட்டில் மாட்டிக்கொண்டால் உயிர் பிழைக்க உதவும் ஒரே ஒரு கத்தியைத் தேடினார். தறியில் உட்கார்ந்திருக்கும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கைபேசியில் கத்தி வீடியோதான். ரஷ்யாக்காரன் பனியில் கட்டை பிளப்பான், இவர் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார்.

“உங்களுக்கு எதுக்கு மச்சான் காட்டுக் கத்தி? காடு எங்க, நீங்க எங்க?” என்றேன் ஒருநாள்.

“நாம போவமாட்டோம் மாப்ள. அதுவா நம்மள தேடிகினு வரும்.”

சொல்லும்போது முகத்தில் துளி சிரிப்பு இல்லை. நான் சத்தமாகச் சிரித்தேன்.

முதலில் கொல்லுப்பட்டறையில் சொல்லி ஒன்று அடித்துக்கொண்டு வந்தார். அருவாளுக்குத் தம்பி மாதிரி இருந்தது. இதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் ஆள் காலி என்று அவரே அதை என் மாமியாரிடம் தேங்காய் உடைக்கக் கொடுத்துவிட்டார். அடுத்து பொருட்காட்சியில் ஒரு மடக்குக் கத்தி. அதில் ஸ்பூன், திருப்புளி, சின்னக் கத்தரிக்கோல் எல்லாம் இருந்தன. எனக்கு ஆசையாக இருந்தது. மச்சான் அதைச் சோதித்த விதம்தான் எனக்குப் புதிது. பின்கட்டுத் தொட்டியில் கையை நனைத்து, சோப்புப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நூறு எண்ணுவதற்குள் அதைத் திறக்கப் பார்த்தார். திறந்தது. சவுக்குக் குச்சியில் வைத்து அழுத்தியதும் படக்கென்று மடங்கி அவருடைய ஆட்காட்டி விரலையே கடித்தது.

“எதுக்கு சோப்பு? எதுக்குக் கண்ண மூடணும்?” என்று கேட்டேன்.

“ஏதாச்சும் ஆவும்போது எனக்கு கை நடுங்கும். கண்ணு தெரியாது. அது எனக்கே தெரியும். தைரியமா இருக்கறவனுக்கு எந்தக் கத்தியும் போதும். நான் நடுங்கற கைக்குக் கத்தி தேடறேன். மடங்கறத நம்பாதீங்க மாப்ள.”

மூன்றாவது கத்தி ஆன்லைனில் வந்தது. முதுகில் ரம்பப் பல், பிடியின் முனையில் திசைகாட்டி, பிடிக்குள்ளே தூண்டில் முள், தீக்குச்சி. தெருப் பிள்ளைகள் அதைப் பார்க்க வரிசை கட்டினார்கள். ஒரு கட்டையின் தலையில் கத்தியை வைத்து, மேலே இன்னொரு கட்டையால் இரண்டு அடி போட்டார். மூன்றாவது அடிக்குப் பிடி தனியாகக் கழன்று கையோடு வந்தது. கூடு மாதிரி இருந்த பிடிக்குள் சுண்டுவிரல் நீளத்துக்குத்தான் இரும்பு போயிருந்தது.

அன்றைக்குத்தான் அவருக்கு என்ன வேண்டும் என்று தெளிவானது. பிடியின் கடைசிவரை ஒரே இரும்பு ஓடவேண்டும். அலகு நாலு அங்குலம், அதற்கு மேல் போனால் சின்ன வேலை ஆகாது, குறைந்தால் கட்டை பிளக்காது. ஒரு பக்கம் மட்டும் கூர். மறுபக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்துவதற்குத் தட்டையாக இருக்கவேண்டும். “ரெண்டு பக்கமும் கூர் வெச்சா அது குத்தறதுக்கு. எனக்கு யாரையும் குத்தற வேலை இல்ல” என்றார். கரும் இரும்பில் கூர் சுலபமாக ஏறும், ஆனால் துடைக்காமல் விட்டால் துரு பிடிக்கும். பயத்தில் துடைக்க மறந்துவிடுவேன் என்று துருப்பிடிக்காத இரும்பையே எடுத்தார். பிடி ரப்பராக இருக்கவேண்டும், அதுவும் ஆரஞ்சு நிறத்தில். புல்லில் விழுந்தாலும் தண்ணீரில் விழுந்தாலும் கண்ணில் பட்டுவிடும். உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி கீழே விழக்கூடாது.

அது வந்து சேர்ந்த அன்று பின்கட்டில் பரீட்சை நடந்தது. சவுக்குக் கட்டை, தேங்காய்நார்க் கயிறு, சைக்கிள் டியூப், நைலான் கயிறு எல்லாம் ஆயிற்று. கடைசியில் கழிவுப் பட்டு இழையை ஒரு பிடி முறுக்கித் தண்ணீரில் நனைத்தார். நனைந்த பட்டு சாமானியத்தில் விடாது, அதை விட்டுக்கொடுக்கவைக்கிற கத்தி எதற்கும் போதும் என்பது அவர் கணக்கு. ஒரே இழுப்பில் இரண்டாகப் போனது. மச்சான் கத்தியைத் துடைத்து உறையில் போட்டுச் சட்டைக்குள் இடுப்பில் சொருகிக்கொண்டார். அதற்குப் பிறகு வீட்டைவிட்டுக் கிளம்பினால் அது இடுப்பில் இருக்கும்.

தெருவில் பேச்சு எழாமல் இருக்குமா? இடுப்பில் கத்தியோடு ஒருத்தன் சுற்றுகிறான் என்றால் யாருக்கோ குறிவைத்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். என் மனைவிக்கு அண்ணன் மேல் பாசம் அதிகம், ஆனால் அவளுக்கே உதறல் எடுத்தது. “ஒருநாள் இல்ல ஒருநாள் இது யார் மேலயாவது பட்டுடப் போவுது பாருங்க” என்பாள். தேர்தல் சமயத்தில் வண்டிச் சோதனையில் போலீஸ் அவரைப் பிடித்துவிட்டது. நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். மச்சான் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

“இது எதுக்குய்யா உனக்கு?” என்று எஸ்.ஐ. கேட்டார்.

“ஏதாச்சும் ஆனா சார்...”

“ஏதாச்சும்னா இன்னாய்யா?”

மச்சான் ஸ்டேஷனுக்குப் பின்வாசல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். எஸ்.ஐ. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவன் ஈ எறும்பைக்கூடக் குத்தமாட்டான், கூட்டிக்கொண்டு போங்கள் என்று என்னிடம் சொன்னார். தேர்தல் முடிந்ததும் கத்தியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மச்சான் வீட்டில் ‘வெட்டு’, ‘அறு’ என்கிற சொற்களே வாயில் வராது. தறி இருக்கிற வீட்டில் அது ஆகாது என்பார்கள். இழை அறுந்தால் “இழை போச்சு.” நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து வெட்டி எடுப்பதற்குப் பெயர் இறக்குவது. நான் பெரணமல்லூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை, எங்களுக்கு அறுப்பு என்றால் பண்டிகை. கல்யாணமான புதிதில் மாமனார் தறியில் இருந்தபடி, “அந்தச் சேலைய கொஞ்சம் இறக்குங்க மாப்ள” என்றார். நான் ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேல் தட்டில் இருந்த சேலைக் கட்டைப் பத்திரமாகக் கீழே இறக்கிவைத்தேன். வீடே சிரித்து ஓய ஒரு வாரம் ஆனது. மச்சான் வாயிலும் அப்படித்தான் வரும். பூசணிக்காயைக்கூட இறக்கத்தான் செய்வார். போகப் போக எனக்கும் காது பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

கண்ணமங்கலம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு ஓடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்க் குளித்துவிட்டு வரலாம் என்றது நான். மச்சான் வரமாட்டேன் என்றார். “காடு உங்கள தேடிகினு வரணுமா? நாமளே போய்ப் பாத்துட்டு வந்துடலாம் வாங்க” என்று எல்லார் முன்னாலும் கேலி செய்து வேனில் ஏற்றினேன். அந்த வாயை இன்றைக்கும் தைத்துப்போடலாம் போல இருக்கிறது.

வெயில் சுள்ளென்று அடித்தது. ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். என் மகளுக்கு அப்போது ஏழு வயது, கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருந்தாள். மச்சான் தண்ணீரில் காலே வைக்கவில்லை. கரையில் நின்று, ஓடை வரும் திசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடைக்குள் கிடந்த பாறைகளில் நாங்கள் சாப்பிட உட்காரும்போதுதான் கத்தினார்.

“எல்லாரும் மேல ஏறுங்க! ஜல்தி! தண்ணி கலரு மாறுது!”

நான் குனிந்து பார்த்தேன். கொஞ்சம் டீத் தண்ணி நிறம், நாலைந்து சருகு, அவ்வளவுதான். மலைமேல் எங்கேயோ பெய்த மழை கீழே வருவதற்கு அதுதான் அறிகுறி என்று எனக்குத் தெரியாது. “இன்னா மச்சான், தண்ணிக்கும் பயமா?” என்று சிரித்தேன். சிரித்து வாயை மூடுவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. என் மனைவியும் மாமியாரும் அலறிக்கொண்டு கரையேறினார்கள். நடு ஓடையில் என் மகள் நின்ற இடத்திலேயே நின்று, “அப்பா, கால் வரல” என்றாள்.

எனக்கு முன்னால் தண்ணீரில் குதித்தவர் மச்சான். நான் அங்கே போய்ச் சேருவதற்குள் அவர் ஒரு பாறையில் முதுகைக் கொடுத்து, அவளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். தண்ணீர் என் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. பழைய நைலான் கயிறு ஒன்று அடியில் வேரோடு சிக்கி அவள் கணுக்காலைச் சுற்றியிருந்தது. மேலே தூக்கத் தூக்க இறுகியது.

“இடுப்புல கத்தி கீது, எடுங்க! கால்ல கயிறு! இறக்குங்க மாப்ள, இறக்குங்க!”

கத்தியை உருவிவிட்டேன். அடுத்து என்ன செய்தேன் என்பதைத்தான் ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. எட்டு வருஷம் அந்த வீட்டில் கேட்டுப் பழகிய சொல் அது. அந்தத் தண்ணீருக்குள் நான் வெறும் பெரணமல்லூர்க்காரன் ஆகிவிட்டேன். குழந்தையைக் கீழே இறக்கினால் கயிறு தளரும், அதைத்தான் சொல்கிறார் என்று எண்ணினேன். ஒரு கையில் கத்தியோடு, இன்னொரு கையை அவள் இடுப்பில் போட்டு, மச்சானின் பிடியிலிருந்து அவளைக் கீழே இழுத்தேன்.

அவள் முகம் தண்ணீருக்குள் போனது. கலங்கல் தண்ணீருக்கு அடியில் அவளுடைய மஞ்சள் ரிப்பன் மட்டும் தெரிந்தது. நான் பிடியை விடவில்லை. இன்னும் இறக்கவேண்டுமோ என்று கீழே அழுத்தினேன். என் கையால், என் பெண்ணை.

“டேய்! அறுடா! கயித்த அறுடா!”

எட்டு வருஷத்தில் அவர் என்னை வாங்க போங்க என்றுதான் பேசியிருக்கிறார். ‘அறு’ என்கிற சொல்லையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. என் கையைத் தட்டிவிட்டு ஒரு கையால் அவளை மேலே இழுத்தார். இன்னொரு கையைத் தண்ணீருக்குள் விட்டு, கயிற்றுக்கும் அவள் கணுக்காலுக்கும் நடுவே தன் கட்டைவிரலை நுழைத்துக்கொண்டார். “என் கைமேல வெச்சு அறு, கொழந்த மேல படாம அறு” என்றார். எனக்குக் கண் தெரியவில்லை. கை நடுங்கியது. அந்த ரப்பர் பிடி மட்டும் வழுக்கவே இல்லை. மூன்று இழுப்பில் கயிறும் போனது, அவருடைய கட்டைவிரலின் அடி நரம்பும் போனது. அந்தக் கத்தியை அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். கத்தி என் கையிலிருந்து நழுவித் தண்ணீரோடு போய்விட்டது.

கரையில் என் மகள் மூச்சில்லாமல் கிடந்தாள். மச்சான்தான் வீடியோ பார்த்துக் கற்றுவைத்திருந்தபடி அவள் மூக்கைப் பிடித்து வாயில் ஊதினார். ஊதும்போதெல்லாம் அவர் கையிலிருந்து ரத்தம் அவள் கன்னத்தில் சொட்டியது. எத்தனை தரம் ஊதினார் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அவள் இருமினாள். தண்ணீர் கக்கினாள். அப்புறம் வீரிட்டு அழுதாள்.

என் மனைவி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். கரையிலிருந்து அவளுக்கு மச்சானின் தோளும் அவர் தூக்கிய கைகளும்தான் தெரிந்திருக்கின்றன. தண்ணீருக்குள் இருந்த என் கை தெரியவில்லை.

“உன் கையிலதான இருந்தா? என் கண்ணால பாத்தேனே! தண்ணிக்குள்ள வுட்டுட்டியே பாவி!”

மச்சான் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். பெற்ற பெண்ணைத் தண்ணீரில் அழுத்தியவன் என்று என் மனைவி என்னைப் பார்க்கப்போகிற பார்வையை நினைத்தேன். குனிந்து என் சட்டை நுனியைப் பிழிய ஆரம்பித்தேன்.

“பயந்துட்டம்மா. கை வுட்டுப்போச்சு” என்றார் மச்சான்.

கட்டைவிரல் எப்படி வெட்டுப்பட்டது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோதும், பயத்தில் தானே போட்டுக்கொண்டேன் என்றார். மகள் நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். மச்சானின் காயமும் ஆறியது, விரலில் மட்டும் உணர்ச்சி வரவில்லை. தறியில் பாவு, அதாவது நீளவாட்டு இழை, தீர்ந்தால் பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்கவேண்டும், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் உருட்டுகிற வேலை அது. முடியவில்லை. கண்ணமங்கலத்தில் ஒரு விதைக் கடையில் நிற்கிறார் இப்போது. என் மனைவி அவரோடு பேசுவதில்லை. வேலூர் போகும்போதெல்லாம் பஸ் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகும். நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டேன். வாசலில் நின்று, வருகிற லாரியையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த யாரையோ உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார்.

எங்களுக்கு அப்புறம் ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு மூன்று வயது. அடுத்த மாதம் படவேடு அம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். போன வாரம் என் மனைவி தன் பெரியப்பா மகனிடம் போனில் பேசி, அவர் மடியில்தான் என்று முடிவு செய்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் நான் கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் எதிரில் உட்கார்ந்தாள்.

“மாமா ஏம்பா வரக்கூடாது?”

“அம்மாவுக்குப் புடிக்கல.”

செம்புக் கம்பி ஒன்றை எடுத்து விரலில் சுற்றினாள்.

“அன்னிக்கி என்ன கீழ இழுத்தது நீதானப்பா. உன் மோதரம் இடுப்புல அழுத்திச்சி. மாமா மோதரம் போடமாட்டாரு.”

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

“நான் யார்கிட்டயும் சொல்லலப்பா. நீ சொல்லலியேன்னு நானும் சொல்லல.”

ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை அந்தப் பிள்ளை இதைத் தனக்குள் வைத்துக்கொண்டு என்னோடு சாப்பிட்டிருக்கிறாள், என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அந்த ஓடையில்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் மனைவி கூடத்தில் பத்திரிகை உறைகளில் பேர் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “இன்னாங்க, மூஞ்சி இப்படி வெளுத்துக் கீது?” என்றாள்.

“ஒரு பத்திரிகைய எடுத்து உங்க அண்ணன் பேர எழுது.”

“அந்தப் பேச்ச எடுக்காதீங்கன்னு எத்தன தபா சொல்றது?”

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுதும்மா. கொழந்தைய தண்ணிக்குள்ள வுட்டது அவரு இல்ல.”